பாடாங் செராய் பெரியவர்கள் கராத்தே வகுப்பு: நல்லதுதான், ஆனால் அவசரக்காரர்களுக்கு இல்லை

பாடாங் செராயில் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கராத்தே வகுப்பு எப்படி, மாஸ்டர் எப்படிப்பட்டவர், நாற்பது வயதுக்கு மேல் போனால் சிரிப்பார்களா என்று கோயிலிலும் சந்தையிலும் என்னை நிறுத்திக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நான் ஒரு வருடத்துக்கு மேலாகப் போகிறேன். மாதா மாதம் என் கைக்காசைத்தான் கட்டுகிறேன், மாஸ்டர் எனக்குச் சொந்தமும் இல்லை. சிரிப்பார்களா என்றால், ஆமாம், சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள்தான். இரண்டு வாரத்தில் அவர்களுக்கே சலித்துவிடும்.

நேரம்: செவ்வாய் இரவு 8 முதல் 9.30 வரை, சனிக்கிழமை காலை 7.30 முதல் 9 வரை. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, பட்டர்வொர்த் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சனி லீவு, ஆகவே சனிக்கிழமை கூட்டம் அதிகம். கூலிம் ஹை-டெக் பார்க்கில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் இரண்டில் எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறார்கள், யாரும் ஏன் போன வாரம் வரவில்லை என்று முகத்தைத் தூக்குவதில்லை. மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்). ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது ஆள் வந்தால் அவருக்கு 30. சேரும்போது பதிவுக்கு 30 வெள்ளி தனி. இது நான் கட்டுகிற கணக்கு, நீங்கள் சேரும்போது ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. திடலுக்குப் பின்னால் இருக்கிற பழைய டேவான், அதாவது மண்டபம், தகரக் கூரை, மழை வந்தால் மாஸ்டர் வாயசைப்பதுதான் தெரியும், எண்ணுவது கேட்காது. நான்கு மின்விசிறியில் ஒன்று நான் சேர்ந்த நாளிலிருந்து சுற்றவில்லை. பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, அதனால் நாங்கள் எல்லோரும் வீட்டிலேயே யூனிபார்ம் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மேலே டீசட்டையோடு வந்து இறங்குகிறோம், மேல்சட்டையை டேவானில் போட்டுக்கொள்வது. பின்பக்கம் செம்பனை தொடங்கிவிடுகிறது, கொசுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தரை வழவழப்பான சிமெண்ட். பூப்பந்து ஆட்டத்துக்குப் போட்ட வெள்ளைக் கோடுகள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. அந்தக் கோடுகள் இல்லையென்றால் நான் இந்த மதிப்பீட்டில் பாதியை எழுதியிருக்க முடியாது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மாஸ்டர் அறுபதை நெருங்குகிறவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டத்துப் பள்ளித் திடலிலேயே கராத்தே கற்றுக்கொண்டவர். அப்போது அங்கே பால் மரம் (ரப்பர்), இப்போது தாமான் (வீடமைப்புப் பகுதி). அவரைச் சென்செய் என்று கூப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை, எல்லோருக்கும் மாஸ்டர்தான், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மட்டும் வரிசையாக மண்டியிட்டு ஜப்பானிய முறையில் வணக்கம், ஒரு ‘ஓஸ்’, அவ்வளவுதான். கற்றுக்கொடுப்பது ஷோத்தோகான் என்கிற கராத்தே பாணி. நம் நாட்டில் கராத்தே என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது 1966-இல் சியூ சூ சூட் தொடங்கிய புடோகான்தான், இது அதுவல்ல. ஒக்கினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த பூனாகோஷி கிச்சின் 1922-இல் தோக்கியோவுக்குப் போய்ச் செய்து காட்டி, அங்கிருந்து பரவிய வழி. ஆரம்பத்தில் சொல்லித்தருகிற ஹெயான் காத்தாக்கள், அதாவது தனியாக வரிசைப்படி ஆடுகிற அசைவுத் தொடர்கள், ஐந்தையும் அமைத்தவர் அவருடைய ஆசிரியர்களில் ஒருவரான இத்தோசு. எதற்காக? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒக்கினாவாப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக. அதாவது செம்பனை ஆலை ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் நான் இந்த வயதில் மூச்சு வாங்கிக்கொண்டு தடுமாறுவது பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எளிமையாக்கின ஒரு பாடத்தில். இதை மாஸ்டரிடம் சொன்னபோது, “பிள்ளைங்களுக்கு முட்டி நல்லா இருந்திருக்கும்மா” என்றார்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

முதல் இரண்டு மூன்று மாதம் பெரும்பாலும் நிற்பதும் நடப்பதும்தான். ஜென்குட்சு தாச்சி என்று ஒரு நிலை, முன் முட்டி மடங்கி, பின் கால் நீண்டு, எடை ஏறக்குறைய 60 சதவீதம் முன்னாலும் 40 பின்னாலும். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். இரண்டு காலுக்கும் நடுவில் இடுப்பு அகலம் இடம் வேண்டும், நம்மில் பத்தில் எட்டுப் பேர் இரண்டு காலையும் ஒரே கோட்டில் வைத்துவிடுவோம், அப்போது மாஸ்டர் பக்கத்தில் வந்து தோளில் இரண்டு விரலால் தள்ளுவார், சாய்ந்துவிடுவோம். திட்டு கிடையாது, விளக்கம் கிடையாது, அந்த இரண்டு விரல்தான். மறுபடி நிற்க வேண்டும், மறுபடி விரல் வரும். ஒரு சனிக்கிழமை முழுக்க இதுவே நடந்ததும் உண்டு. யூடியூப் பார்த்துவிட்டுப் பறந்து உதைக்கலாம் என்று வந்த இளைஞர்கள் இந்தக் கட்டத்தில்தான் காணாமல் போகிறார்கள்.

இந்த வகுப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்று யாராவது கட்டுப்பாடு போட்டால் நான் சொல்வது 555 புத்தகத்தைப் பற்றித்தான். மளிகைக் கடையில் கடன் எழுதி வைக்கிற அதே சின்னப் புத்தகம், சட்டைப் பையில் அடங்குகிறது. அதில் ஆளுக்கு ஒரு பக்கம். வகுப்பு முடிகிற நேரத்தில் மாஸ்டர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரு தப்பு சொல்வார். ஒன்றுதான். தேதி போட்டு எழுதிக்கொள்வார். அடுத்த வகுப்பில் அந்த ஒன்றைத்தான் பார்ப்பார், மற்ற எதையும் தொட மாட்டார். நம் கை கோணலாக இருக்கும், தோள் தூக்கியிருக்கும், பார்வை தரையில் இருக்கும், எல்லாமே அவருக்குத் தெரியும், ஆனால் புத்தகத்தில் ‘பின் குதிகால்’ என்று இருந்தால் குதிகாலை மட்டும்தான் கேட்பார். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், மாஸ்டர் என் கையும் தப்பாத்தானே போகுது என்று கேட்டதற்கு, “தெரியும், அது இருக்கட்டும், அதோடயே ஆடுங்க” என்றார்.

என் பக்கத்தில் பல மாதம் பின் குதிகால்தான். அடியெடுத்து வைத்துக் குத்தும்போது என் பின் குதிகால் தரையை விட்டு மேலே எழும்பிவிடுகிறது, அது தரையோடு பதிந்திருந்தால்தான் பின்னங்காலின் தள்ளல் இடுப்பு வழியாகக் கைக்கு வரும், எழும்பினால் குத்து வெறும் கை வீச்சாகப் போய்விடுகிறது. காரணம், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கெண்டைக்கால் இறுகிப்போய்க் கணுக்கால் மடங்க மாட்டேன் என்கிறது. அதற்கு அவர் சொன்ன வழி நிலையின் நீளத்தைக் குறைப்பது. குட்டையாக நின்றால் குதிகால் தானாக உட்கார்ந்துவிடுகிறது. புத்தகப்படி பார்த்தால் என் நிலை இப்போதும் குட்டைதான், அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள், குறைத்துமிருக்கிறார்கள். ஆனால் நீளமாக நின்று குதிகாலைத் தூக்கிக்கொண்டு அழகாகத் தெரிவதைவிட, குட்டையாக நின்று பலத்தோடு குத்துவதை முதலில் கற்றுக்கொள்ளலாம், நீளம் மெல்ல வரட்டும் என்பது அவர் கணக்கு. கொஞ்சம் நீளம் வந்திருக்கிறது. வலது பக்கம் வந்த அளவு இடது பக்கம் வரவில்லை.

புத்தகத்தில் தப்பு சரியானால் அடித்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். அடிக்க மாட்டார், அதற்குக் கீழே அடுத்ததை எழுதுவார். பழையது திரும்ப வந்தால் திரும்ப எழுதுவார். பக்கம் பக்கமாகப் பின் குதிகால், பின் குதிகால், தோள், பின் குதிகால் என்று போகிறது. ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது, இத்தனை நாள் வந்தும் அதே இடத்தில் நிற்கிறோமே என்று. போகப் போக அது ஒரு நிம்மதியாக மாறிவிட்டது, ஏனென்றால் அந்தப் புத்தகத்தில் பக்கம் காலியாக இருக்கிற ஆள் யாருமில்லை. கறுப்பு பெல்ட் கட்டிய உதவி மாஸ்டர் இருக்கிறார், அவர் பக்கத்தில் ‘திரும்பும்போது தலை முன்னால் போகுது’ என்று இருப்பதை நானே பார்த்தேன். அவர் இருபது வருடமாக ஆடுகிறவர்.

இங்கே கொஞ்சம் வழி விலகிப் பேசிக்கொள்கிறேன். நம் ஆட்கள் பிள்ளைகளை எதில் சேர்த்தாலும் மூன்றாவது மாதத்தில் கேட்கிற கேள்வி, வருதா இல்லையா. வரவில்லை என்றால் நிறுத்தி வேறொன்றில் போட்டுவிடுவோம், பரதநாட்டியத்திலிருந்து வயலின், வயலினிலிருந்து ரோபோட்டிக்ஸ். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இருந்த யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள், எத்தனை ஏ என்று கேட்கிற வாயை யார் எடுப்பது. ஒரு விஷயத்தில் சுமாராக இருந்துகொண்டே அதை விடாமல் பிடித்திருப்பதற்கு நம் வீடுகளில் இடமே இல்லை, சுமார் என்றால் வீண் காசு. பெரியவர்கள் நாம் மட்டும் வேறா என்ன, நாற்பது வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்கி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் மோசமாகச் செய்வதற்கு வெட்கம், அந்த வெட்கத்துக்கு ‘டைம் இல்ல’ என்று பேர். இந்த வகுப்புக்கு நான் மதிப்பெண் கூட்டிக் கொடுப்பது அந்த வெட்கத்தை முதல் வாரத்திலேயே 555 புத்தகத்தில் எழுதித் தீர்த்துவிடுகிறார்கள் என்பதற்காகத்தான். என் மகன் கணக்குத் தாளைக் கொண்டுவந்து நீட்டினால் இப்போது நான் மொத்தப் புள்ளியைப் பார்ப்பதற்கு முன் எந்த இடத்தில் வழுக்கியிருக்கிறான் என்று பார்க்கிறேன். அவனுக்கு இது பிடித்திருக்கிறதா என்றால், பிடிக்கவில்லை, திட்டிவிட்டு விட்டுவிடும் பழைய அம்மாவே தேவலாம் என்கிறான்.

பூப்பந்துக் கோடுகளுக்கு வருகிறேன். ஹெயான் ஷோடான் என்பது முதல் காத்தாக்களில் ஒன்று, மொத்தம் 21 அசைவு. இடது பக்கம் திரும்பிக் கீழ்த் தடுப்போடு தொடங்கும், வலம் இடம் போய், பிறகு நேராக மூன்று அடி முன்னேறி மேல் தடுப்பு, மூன்றாவதில் கத்த வேண்டும், மறுபடி வலம் இடம், அப்புறம் வந்த வழியே மூன்று அடி குத்திக்கொண்டே திரும்ப வந்து, அதன் மூன்றாவதிலும் ஒரு கத்து, கடைசியில் எடையைப் பின் காலுக்கு மாற்றி, கையைக் கத்தி மாதிரி விரித்து நான்கு தடுப்பு. ஒழுங்காகச் செய்தால் தொடங்கின அதே இடத்தில் வந்து முடிய வேண்டும். போன மூன்று அடியும் வந்த மூன்று அடியும் ஒரே அளவாக இருந்தால்தான் அது நடக்கும். நானோ கோட்டின் மேல் தொடங்கிக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடுவேன். போகும்போது இருக்கிற தெம்பு திரும்பும்போது இல்லை, அடி சுருங்கிவிடுகிறது, வேறு மர்மமில்லை.

வேறு இடத்தில் என்றால் கடைசி அடியைக் கொஞ்சம் எட்டி வைத்துக் கோட்டில் நில்லுங்கள் என்று சொல்லிவிடுவார்கள், பார்க்கிறவர்களுக்குச் சுத்தமாக முடிந்த மாதிரி இருக்கும். உள்ளூர்ப் போட்டிகளில் பிள்ளைகள் அப்படி எட்டி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், பரிசும் வாங்குகிறார்கள். இங்கே அதற்கு அனுமதி இல்லை. எங்கே முடிந்ததோ அங்கேயே நிற்க வேண்டும், தரையைப் பார்த்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும், பிறகு எந்த அடியில் அந்த ஒரு முழம் தொலைந்தது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். என்னுடையது எப்போதும் திரும்பி வருகிற இரண்டாவது அடியில் தொலைகிறது. மூன்றாவதில் கத்த வேண்டுமே என்று மனம் அங்கே ஓடிவிடுவதால் இரண்டாவது அரைகுறையாகப் போகிறது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் ஆயின. கண்டுபிடித்த பிறகும் ஒரு முழம் அரை முழமாகத்தான் குறைந்திருக்கிறது, பழைய ஒக்கினாவா ஆசான்கள் ஒரு காத்தாவுக்கு மூன்று வருடம் என்று சொன்னதை அப்போதெல்லாம் மிகை என்று நினைத்திருந்தேன், இப்போது என்னைப் போன்றவர்களுக்குச் சலுகை காட்டிச் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

சண்டைப் பயிற்சி உண்டா என்று ஆண்கள் கேட்கிறார்கள். உண்டு, ஆனால் ஆரம்பத்தில் எல்லாம் பேசி வைத்துக்கொண்டுதான். ஐந்தடிக் குமித்தே என்று ஒன்று, தாக்குகிறவர் முகத்துக்கா வயிற்றுக்கா என்று முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஐந்து முறை முன்னேறிக் குத்துவார், நாம் பின்னால் போய்க்கொண்டே தடுத்து ஐந்தாவதில் திருப்பிக் குத்த வேண்டும். எங்கே வரப்போகிறது என்று தெரிந்தும் நான் கண்ணை மூடிக்கொள்வேன், அது பல வாரம் 555-இல் இருந்தது. இப்போது மூடுவதில்லை, இமைக்கிறேன். எதிரே நிற்பவர்கள் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயது பையன்கள், அவர்கள் ‘ஆன்ட்டி ரெடியா’ என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் குத்துவார்கள், ஆனால் வேகம் மரியாதை பார்ப்பதில்லை. பல் காப்பும் கையுறையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், பொதுக் கையுறைகளை மோந்து பார்த்தால் வாங்கிவிடுவீர்கள்.

தற்காப்புக்காக மூன்று மாதத்தில் ஏதாவது வேண்டும் என்றால் இங்கே வராதீர்கள். மாஸ்டரே அதைச் சொல்லி அனுப்பிவிடுவார். பிள்ளையை ஒலிம்பிக்குக்கு அனுப்பலாமா என்று கேட்டு வருகிற அப்பாக்களுக்கும் அதே நேர்மைதான்: கராத்தே 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்தது, 2024 பாரிசில் இல்லை, ஆசை இருந்தால் ஆசிய விளையாட்டைப் பாருங்கள் என்பார். ஹாங்சோவில் நம் ஷாமளாராணி சந்திரன் தங்கம் வாங்கின பிறகு பெண் பிள்ளைகள் சேர்க்கை கூடியிருப்பதாகச் சொல்கிறார், நான் பார்த்தவரை சனிக்கிழமை வரிசையில் பெண் பிள்ளைகள்தான் முன்னால் நிற்கிறார்கள், சத்தமும் அவர்களுடையதுதான்.

பெரியவர்களில் யார் யார் வருகிறார்கள் என்று சொன்னால் உங்களுக்குத் தைரியம் வரலாம். கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துச் சனிக்கிழமை நேராக வருகிற ஒரு அக்கா, லாரி ஓட்டுகிற ஒரு அண்ணன், இடைநிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர், அப்புறம் எங்கள் எல்லோருக்கும் மூத்த ஒரு அம்மா, பேத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தவர், சும்மாதானே இருக்கீங்க என்று மாஸ்டர் கூப்பிட, உள்ளே வந்துவிட்டார். முப்பது வருடம் பால் மரம் வெட்டின கை. விரல்கள் மடங்கினால் முழுசாக மடங்காது, முஷ்டி பிடிக்க வராது, கராத்தேயில் முஷ்டியே இல்லையென்றால் என்ன செய்வது? மாஸ்டர் ஒன்றும் யோசிக்கவில்லை, நீங்கள் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அடியுங்கள் என்று மாற்றிவிட்டார். அது ஷோத்தோகானிலேயே இருக்கிற அடிதான், தேய்ஷோ என்று பெயர், புதிதாக அவர் கண்டுபிடித்ததில்லை. எங்கெல்லாம் குத்து வருகிறதோ அங்கெல்லாம் அந்த அம்மாவுக்கு உள்ளங்கை. பிடிப்பலகையில் அவர் அடிக்கும்போது வருகிற சத்தம் எனக்கு வருவதில்லை.

இதே அம்மாவை வைத்துத்தான் இந்த வகுப்பின் பலவீனத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கிரேடிங். அதாவது பெல்ட் தேர்வு. அதை மாஸ்டர் நடத்துவதில்லை, வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதற்கு 80 வெள்ளி, சான்றிதழுக்கும் பெல்ட்டுக்கும் அதில் எவ்வளவு போகிறது, மீதி எங்கே போகிறது என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. போன கிரேடிங்கில் வந்த தேர்வாளர் அந்த அம்மாவின் உள்ளங்கை அடியைப் பார்த்து இது காத்தாவில் இல்லை, முஷ்டி வேண்டும் என்று நிறுத்திவிட்டார், விரலைக் காட்டியும் கேட்கவில்லை. அதே நாளில், திரும்புகிற பக்கமே தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திரும்பின சிறுவர்கள் மொத்தமாகத் தேர்ச்சி. அம்மா அழவெல்லாம் இல்லை, நேராகப் போய் “அப்ப என் காசைக் குடுங்க” என்றார். கொடுக்கவில்லை. இன்னும் அவர் வெள்ளை பெல்ட்தான், ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார், அந்த 80 வெள்ளியை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஞாபகப்படுத்துகிறார். மாஸ்டர் அன்றைக்கு எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து, பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அவரிடமே சொல்லியும் விட்டேன்.

பெல்ட் நிறங்கள் ஜூடோவிலிருந்து வந்தவை என்றும் பூனாகோஷி முதல் கறுப்பு பெல்ட்டுகளைக் கொடுத்ததே 1924-இல்தான் என்றும் மாஸ்டர் அடிக்கடி சொல்வார், கிரேடிங்குக்கு யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார். எழுதாமலே வருடக்கணக்கில் வரலாம். லாரி அண்ணன் அப்படித்தான் வருகிறார். பக்கத்து ஊர்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு நிறம் மாற்றி ஒன்றரை வருடத்தில் கறுப்பே கட்டிவிடுகிற வகுப்புகளும் இருக்கின்றன, யாருக்கு எது வேண்டுமோ அவர்கள் அங்கே போகலாம், நான் தடுக்கவில்லை.

யூனிபார்ம் பற்றிச் சொல்லாவிட்டால் திட்டுவீர்கள். சேர்ந்த உடனே வாங்காதீர்கள், இரண்டு மாதம் டீசட்டையும் ட்ராக் கால்சட்டையும் போதும், மாஸ்டரும் அதையேதான் சொல்வார். வாங்கும்போது மெல்லிய கலப்புத் துணியில் மலிவாக வருவதை எடுத்தால் வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. கனமான பருத்தி நம் வெயிலுக்குக் கொதிக்கும். நடுத்தரக் கனத்தில் பருத்தி நல்லது, ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், துவைத்தால் சுருங்கும், என்னுடைய கால்சட்டை இப்போது கணுக்காலுக்கு மேல் நிற்கிறது. பெல்ட்டைத் துவைக்கக் கூடாது, அதில் உழைப்பு இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அதில் இருப்பது வியர்வை. நான் துவைக்கிறேன்.

உடம்பு விஷயம் ஒன்று, இதை யாரும் எழுதுவதில்லை. கராத்தே வெறுங்காலோடு ஆடுவது. இனிப்பு நீர் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்தச் சிமெண்ட் தரையில் தோல் உரிந்தாலும் தெரியாது, நம்மில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சேரும்போதே சொல்லிவிட்டால் மெல்லிய காலணி போட்டுக்கொள்ள மாஸ்டர் விடுகிறார், வீட்டுக்குப் போனதும் பாதத்தைப் பார்க்கவும் சொல்கிறார். ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வராதீர்கள், ஒரு செவ்வாய்க்கிழமை ஒருவர் அப்படி வந்து தலைசுற்றி உட்கார்ந்துவிட, கடையிலிருந்து இனிப்பு மீலோ ஓடி வாங்கி வந்தோம். சர்க்கரை குறையும், தொப்பை போகும் என்றெல்லாம் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், முட்டி கால் விரல் பார்க்கிற பக்கமே பார்க்க வேண்டும், உள்ளே சாய்ந்தால் வலி வரும். இதையும் கிபா தாச்சியில், அதாவது குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி நிற்கிற நிலையில், அவர் ஒவ்வொருவராகப் பார்க்கிறார்.

குறை இன்னும் இரண்டு. பெரியவர்களைத் தனியாகக் கவனிப்போம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், ஆனால் பள்ளி விடுமுறையில் மற்ற பிள்ளைகள் வகுப்பையும் இதோடு சேர்த்துவிடுகிறார்கள், அந்த வாரங்களில் மாஸ்டர் பாதி நேரம் விசில் ஊதிக்கொண்டுதான் இருக்கிறார், 555 பையை விட்டு வெளியே வருவதில்லை. அடுத்தது, வகுப்பு ரத்து என்று வாட்சப்பில் செய்தி வரும்போது நாம் பாதி வழியில் இருப்போம்.

ஐந்துக்கு எத்தனை என்றால் கற்றுக்கொடுப்பதற்கு நாலரை, இடத்துக்கு இரண்டு, கிரேடிங்குக்கு ஒன்று கொடுக்கவே மனம் வரவில்லை. மொத்தமாக நாலு போட்டுக்கொள்ளுங்கள். என் பெல்ட் மஞ்சள், எப்போது மாறும் என்று தெரியாது, தீபாவளிக்கு முன் ஒரு கிரேடிங் இருப்பதாகப் பேச்சு, போவேனா என்று முடிவு செய்யவில்லை. அந்த அம்மாவுக்கு உள்ளங்கை அடியை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் நானும் 80 வெள்ளி கட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சேர நினைக்கிறவர்கள் முதலில் ஒரு சனிக்கிழமை சும்மா வந்து உட்கார்ந்து பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். தண்ணீர் நீங்களே கொண்டு வாருங்கள். சீக்கிரம் வந்து டேவான் பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடாதீர்கள், சாவி எதிர்த்தாற்போல் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் தொங்கும், கேட்டால் தருவார்கள். கராத்தேவா என்று உங்களை ஒருமுறை மேலிருந்து கீழே பார்ப்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.